தென்னை நடுமுன் கெரானைப் பாருங்கள்: வீட்டு நிலத்துக்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம்

இந்த மாதப் பாடத்தை எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறேன்.

தாசேக் கெலுகோர் ரயில் நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் எங்கள் கம்பம். வீட்டோடு சேர்த்து முக்கால் ஏக்கர் நிலம். பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி என்று ஐந்து பேர். கீரை, முருங்கை, கறிவேப்பிலை, வாழை, தேங்காய், முட்டை இதெல்லாம் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வந்துவிடும். நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். தோட்ட வேலையில் பாதிக்கு மேல் அப்பாதான் செய்கிறார். அவருக்கு 63 வயது.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியன்று சித்தப்பா குடும்பம் பட்டர்வொர்த்திலிருந்தும், அத்தை குடும்பம் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, நான் தயாரித்து வைத்திருந்த பட்டியலை கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். நிலத்தில் அடுத்து என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல்: நாலு தண்ணீர்த் தொட்டி, மீன் குளம், ஒரு பசு மாடு, ஹைட்ரோபோனிக் குழாய்கள், சோலார், பத்து தென்னை. எனக்கு ரொம்பப் பெருமை.

சித்தப்பா முழுசும் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிம்மா, நிலம் இப்ப யார் பேர்ல இருக்கு?" என்றார்.

யாரும் பேசவில்லை. கடைசியில் அப்பாதான் மெதுவாக, "தாத்தா பேர்லதான் இருக்கு" என்றார். தாத்தா இறந்தது 2006-இல்.

அந்தக் கேள்விக்குப் பிறகு என் பட்டியல் தலைகீழாக மாறிப் போனது. எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதுதான் இந்தப் பாடம்.

தாத்தா ஏன் தென்னை நடவில்லை?

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம்ம வட்டாரத்து இளைஞர்களுக்கு மேபீல்டு, மலாக்கோப் என்ற தோட்டப் பெயர்கள் தெரிந்திருக்கும். தாத்தாவும் பால்மரத் தோட்டத்துக்காரர்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால் பத்தடி, இருபதடி மண் கிடைத்தால் போதும், ஏதாவது போட்டுவிடுவார்களாம். கீரை, மிளகாய், பாகற்காய், மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது உயிர் காப்பாற்றியது மரவள்ளிக் கிழங்குதான் என்று பாட்டி இன்றும் சொல்வார். அப்போது பாட்டி சின்னப் பிள்ளை.

ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டதெல்லாம் ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் பலன் தருகிற செடிகள். தென்னையோ பலாவோ லயத்துக்குப் பின்னால் அதிகம் இல்லை. நான் பாட்டியிடம் காரணம் கேட்டேன். "வீடு தோட்டத்தோடது, மண்ணும் தோட்டத்தோடது. வேலை போனா வீடும் போச்சு. யாருக்குக் காய்க்கறதுக்குத் தென்னை நடுறது?" என்றார். நெட்டைத் தென்னை காய்க்க ஆறு, ஏழு வருஷம் ஆகும். அவ்வளவு நாள் அங்கே இருப்போமா என்று தெரியாதவர்கள் அதை நடமாட்டார்கள்.

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, பல தோட்டங்கள் துண்டு துண்டாகப் போயின. வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். தொழிலாளிகள் தவணையில் பங்கு கட்டி, தோட்டத்தையே வாங்கிவிடலாம் என்ற எண்ணம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் வாங்கப்பட்டது. அதன் பிறகு 1974-இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் 'பச்சைப் புத்தகத் திட்டம்' வந்தது. வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. சொந்த மண் இருந்தவர்களுக்கு அது நல்ல யோசனை.

தாத்தாவுக்கு 1978-இல் 55 வயது ஆனது. சேமநிதிக் காசு கைக்கு வந்தது. அதோடு பாட்டியின் தாலிக்கொடி தவிர்த்த மற்ற நகைகளையும் போட்டுத்தான் இந்த முக்கால் ஏக்கரை வாங்கினார். வாங்கின அந்த வருஷமே நாலு தென்னை நட்டாராம். அதில் மூன்று இன்னும் நிற்கின்றன.

ஆக நீண்ட காலத் திட்டம் என்பது, நிலம் நம்முடையது என்று எழுத்தில் இருந்தால்தான் போட முடியும். அதை வாங்கிக் கொடுத்த தாத்தாவின் பேரிலேயே விட்டுவிட்டு, நான் சோலார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்!

முதல் வருஷ வேலை: காகிதம்

இது நம்ம சமுதாயத்தில் பல வீடுகளில் இருக்கிற நிலைமை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் நாம் கெரான் என்று சொல்கிற நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். மூன்று விஷயம் பார்க்கணும். யார் பெயர், எவ்வளவு பரப்பு, நிலத்தின் வகை என்ன. வகை என்பது விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்றில் ஒன்றாக எழுதியிருக்கும். பட்டா தொலைந்திருந்தாலும், பழசாக இருந்தாலும், நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி, அதாவது அதிகாரபூர்வத் தேடல், எடுத்தால் இன்றைய நிலை தெரியும். நிலவரி ரசீது கையில் இருக்கிறதே, போதாதா என்று அம்மா கேட்டார். போதாது. வரி யார் வேண்டுமானாலும் போய்க் கட்டலாம். நிலம் யாருடையது என்பதைப் பதிவேடுதான் சொல்லும்.

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் சொல்கிறது. 1997-இல் அது திருத்தப்பட்டது. இறந்தவருக்குப் பெற்றோர் உயிருடன் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் வீட்டுக் கணக்கில் பாட்டிக்கு 3/9. அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் ஆளுக்கு 2/9. மகன், மகள் வித்தியாசம் கிடையாது. அத்தைக்கு இது அன்றுதான் தெரியும். "எனக்கும் உண்டா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது.

சரி, பிரித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் இன்னொரு முடிச்சு. விவசாய வகை நிலத்தை ஐந்தில் இரண்டு எக்டருக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிக்க தேசிய நிலச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். எங்களிடம் இருப்பதே முக்கால் ஏக்கர். ஆகவே நிலம் ஒன்றாகத்தான் இருக்கும். பதிவேட்டில் நாலு பேர் பெயரும் பங்கு விகிதத்தோடு ஏறும். ஒருவர் விற்கணும் என்றாலும், கடன் வைக்கணும் என்றாலும், மற்றவர்களைத் தாண்டிச் செய்வது சிரமம். இப்படி இருக்கிற நிலத்தில் அண்ணன் தம்பிகள் பேசாமல் போனால், அது முள்காடாகிவிடும். அப்படிக் கிடக்கிற நிலங்களை நம்ம கம்பத்திலேயே என்னால் விரல் நீட்டிக் காட்ட முடியும்.

நிலம் உள்ள சிறிய சொத்துகளுக்கு 1955-ஆம் ஆண்டு சட்டப்படி மாவட்ட நில அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்குமன்றம் வரை போக வேண்டியதில்லை. படிவம் 'ஏ', இறப்புச் சான்றிதழ், பட்டா நகல், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இவையெல்லாம் வேண்டும். பழைய காலத்து ஆட்களின் பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும். பாட்டியின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது. அதைச் சரிப்படுத்தவே சத்தியப் பிரமாணம் அது இது என்று மாதக்கணக்கில் ஓடியது. பாட்டி இருக்கும்போதே செய்ததால் முடிந்தது. அவரும் போயிருந்தால் இரண்டு பேருடைய சொத்தாகி, சிக்கல் இரட்டிப்பாகியிருக்கும்.

வாரிசுகள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் பங்கை வேறு விதமாகவும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். நாங்கள் சட்டப் பங்கையே வைத்துக்கொண்டோம். கூடவே ஒரு தாளில், ஐந்து வருஷம் விற்பதில்லை, அப்பா குடும்பம் பயிர் செய்யலாம், கணக்கை ஒவ்வொரு தீபாவளிக்கும் எல்லாரிடமும் காட்டணும் என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கு காட்டணும் என்பது சித்தப்பாவின் நிபந்தனை. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அது இல்லாவிட்டால் திட்டமே இல்லை என்று நினைக்கிறேன்.

கணக்கு நோட்டு சொன்னது

காகித வேலை நடந்த அதே வருஷத்தில், நிலத்தில் புதுசாக ஒன்றும் வாங்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். அடுப்பங்கரைக் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். நாலு கட்டம்: என்ன பறித்தோம், கடையில் வாங்கினால் என்ன விலை, என்ன செலவு, எத்தனை மணி நேர வேலை. அம்மா தமிழில் எழுதுவார், தம்பி மலாயில் எழுதுவான், பரவாயில்லை.

வருஷ முடிவில் கூட்டிப் பார்த்தால் பறித்தது 2,640 வெள்ளிக்கு. செலவு 780. மீதி 1,860 வெள்ளி. சித்தப்பா சிரித்தார். "குறைந்தபட்சச் சம்பளமே இப்ப 1,700 வெள்ளி. ஒரு வருஷம் வேர்வை சிந்தி ஒரு மாசச் சம்பளம் சம்பாதிச்சிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான், மழுப்ப வேண்டியதில்லை. வீட்டு நிலம் தொழிற்சாலைச் சம்பளத்தோடு போட்டி போடாது. 'தன்னிறைவு' என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கடைக்கே போகாத வாழ்க்கை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களைச் சுற்றி எல்லாம் நெல் வயல்தான், வருஷத்துக்கு இரண்டு போகம். இருந்தாலும் நாங்கள் அரிசியைக் கடையில்தான் வாங்குகிறோம். மேட்டு நிலத்தில் அரை ஏக்கரைத் தோண்டி வயலாக்கி, குருவியோடும் எலியோடும் மல்லுக்கட்டி நெல் எடுப்பதில் அர்த்தமில்லை. பருப்பு, எண்ணெய், கோதுமை மாவும் அப்படித்தான். எங்கள் இலக்கு ரொம்பச் சின்னது. இப்போது மாதம் 220 வெள்ளிக்குப் பறிப்பதை ஐந்தாவது வருஷத்தில் 400 வெள்ளியாக்கணும், வேலை நேரம் கூடக் கூடாது.

அந்த வேலை நேரக் கட்டத்தில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. வாரத்துக்கு 11 மணி நேரம் தோட்டத்தில் செலவாகிறது. அதில் ஐந்து மணி நேரம் வெறும் தண்ணீர் ஊற்றுவது! அப்பா வாளி தூக்கி நடக்கிற நேரம். இன்னொன்று, பறித்த மதிப்பில் அதிகம் கொடுத்தது நாங்கள் பாடுபட்ட காய்கறிப் பாத்திகள் இல்லை. யாரும் கவனிக்காத முருங்கை, கறிவேப்பிலை, தென்னை, வாழை, வெள்ளிக்கிழமைப் பூஜைக்குப் பறிக்கிற பூ, வெற்றிலை இவைதான். வாழை இலை மட்டும் எத்தனை திருவிழாவுக்கு அறுத்திருக்கிறோம் என்று பாருங்களேன். பயிற்றங்காய்க்கு மருந்து, கம்பு, கயிறு என்று செலவழித்து நஷ்டம்தான்.

இந்த நோட்டு இல்லையென்றால் நான் ஹைட்ரோபோனிக் குழாய் வாங்கியிருப்பேன். அது காய்கறிப் பாத்தியையே இன்னும் கொஞ்சம் செலவாக்குகிற வேலை.

தண்ணீர்: தொட்டியா, கணக்கா?

பினாங்கில் மழைக்குப் பஞ்சமில்லை, வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் சமமாகப் பெய்யாது. செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் மண் வெடிக்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தில் எங்கள் கோழிக்கூட்டின் முதல் பலகை வரை தண்ணீர் நின்றது. அந்தக் கோட்டை அப்பா இன்னும் அழிக்கவில்லை. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காக பினாங்கின் பெரும்பகுதியில் குழாய்த் தண்ணீர் நிறுத்தப்பட்டது ஞாபகம் இருக்கும். அப்போது எங்களிடம் இரண்டு நீல டிரம்தான் இருந்தது. அதனால்தான் நாலு தொட்டி வாங்கணும் என்று பட்டியலில் எழுதினேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். எங்கள் கூரை 25 அடிக்கு 40 அடி, 1,000 சதுர அடி. அது சுமார் 93 சதுர மீட்டர். 30 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 2,790 லிட்டர். சிதறல், முதல் அழுக்குத் தண்ணீர் என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 2,200 லிட்டருக்கு மேல். கடையில் விற்கிற 400 கேலன் தொட்டி பிடிப்பது 1,818 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழைக்கு நிறைந்து வழிந்துவிடும்.

இப்போது செலவு. எங்களுக்குப் பத்து பாத்தி, ஒவ்வொன்றும் 3 அடிக்கு 15 அடி. மொத்தம் 42 சதுர மீட்டர். வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு 210 லிட்டர். ஒரு தொட்டி எட்டு, ஒன்பது நாளில் காலி. இரண்டு மாத வெயிலைத் தாண்டணும் என்றால் 12,600 லிட்டர், அதாவது ஏழு தொட்டி. நான் கேட்ட நாலும் போதாது!

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப வெயில்ல பாத்தியக் குறை" என்றார். அவ்வளவுதான். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வீட்டுக்குப் பக்கத்தில் நாலு பாத்தியில் மட்டும் கீரை. ஒரு நாளைக்கு 84 லிட்டர். இரண்டு தொட்டி இருந்தால் 43 நாள் தாங்கும். இடையில் ஒரு மழையாவது வரும், இல்லையென்றால் பழைய கிணறு இருக்கிறது. மற்ற ஆறு பாத்தியில் டிசம்பர் ஈரத்திலேயே தட்டைப்பயறு தூவிவிடுகிறோம். அது கொஞ்சத் தண்ணீரில் சமாளிக்கும், மண்ணுக்கும் சத்து. மரவள்ளியும் அந்த மாதங்களில் நம்மைக் கூப்பிடாது.

ஆக நாலு தொட்டிக்கு இரண்டு. மிச்சக் காசில் கிணற்றைத் தூர் வாரி, மூடி போட்டோம். தொட்டியை நாலடி உயரத்தில் வைத்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்தோம். ஒன்று கவனம்: நிறைந்த தொட்டி 1.8 டன் எடை. பழைய பலகையில் ஏற்றி வைக்காதீர்கள், காங்கிரீட் தளமோ இரும்புச் சட்டமோ வேண்டும். தொட்டி வாயில் கொசுவலை கட்டாவிட்டால் ஏடிஸ் கொசு வளர்க்கிறவர்கள் நாம்தான். இந்தத் தண்ணீர் செடிக்கும் கழுவுவதற்கும்தான், குடிக்க வேண்டாம்.

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்த தண்ணீர் வேலை இப்போது ஒன்றேகால் மணி நேரம். அப்பாவின் முதுகு வலியைப் பற்றி நோட்டில் கட்டம் இல்லை, இருந்திருந்தால் அதையும் எழுதியிருக்கலாம்.

மண்ணும் மூடாக்கும்

நம்ம நாட்டு மண் பொதுவாகப் புளிப்பு. விவசாய இலாகாவில் கேட்டால் மண் சோதனைக்கு வழி சொல்வார்கள்; பக்கத்தில் பெர்த்தாமில் மார்டி நிலையமும் இருக்கிறது. எங்கள் பாத்திக்கு ஒரு கிலோ அளவில் சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலந்து போடக் கூடாது, எருவில் இருக்கிற தழைச்சத்து காற்றில் போய்விடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

மூடாக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோல் கிடக்கும், பல இடங்களில் எரித்துவிடுவார்கள். கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ரைஸ் மில்லில் உமி. செம்பனை வெற்றுக் குலை கிடைத்தால் இன்னும் நல்லது. நாலு விரல் கனத்துக்கு மூடி வைத்தால் தண்ணீரும் மிச்சம், களையும் குறையும். யாழ்ப்பாணத்தில் வேலிக்குப் பூவரசு நட்டு, அந்த இலையையே வெட்டித் தோட்டத்துக்குப் பசுந்தாள் உரமாகப் போடுவார்கள். வேலியும் ஆச்சு, உரமும் ஆச்சு. நாங்கள் கம்பி வேலி ஓரமாக கிளிரிசிடியா குச்சிகளை ஊன்றியிருக்கிறோம்.

ஜீவாமிர்தம் பற்றி நம்ம கிளையில் பல பேர் கேட்கிறீர்கள். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ கடலை மாவு, ஒரு கைப்பிடி மண் என்பது சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவு. எங்கள் நிலத்துக்கு அதில் கால்வாசியே அதிகம். பக்கத்து வீட்டு மாட்டிலிருந்து சாணம் வாங்கி மாதம் ஒரு தடவை செய்கிறோம். மூடாக்கும் மட்கு எருவும் இல்லாமல் இதை மட்டும் ஊற்றினால் பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள்.

காத்திருக்க வேண்டியதை முதலில்

மரம் நடுவதில் நிறையப் பேர் செய்கிற தவறு, காய்கறியெல்லாம் நிலைக்கு வரட்டும், பிறகு மரம் பார்க்கலாம் என்பது. எது தாமதமாகக் காய்க்குமோ அதைத்தான் முதலில் நடணும். பப்பாளி ஒரு வருஷத்துக்குள். வாழையும் அப்படியே. ஒட்டு மாவும் ஒட்டுப் பலாவும் மூன்று, நாலு வருஷம். மாத்தாக் என்கிற கலப்பினத் தென்னை நாலு வருஷத்தில் பாளை விடும். பட்டா கைக்கு வந்த அடுத்த மாதம் ஆறு மாத்தாக் நட்டோம், பத்து இல்லை. தென்னைக்குத் தென்னை 28 அடி விட வேண்டியிருக்கிறது, பத்து நட்டால் காய்கறிக்கு வெயில் விழாது. நிழல் எங்கே விழும் என்று காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் குச்சி ஊன்றிப் பார்த்தே இடம் குறித்தோம். ஆறில் இரண்டை சித்தப்பா கையால் வைத்தார், இரண்டை அத்தை வைத்தார்.

மாடு வேண்டாமா?

இதைச் சொன்னால் சிலருக்கு மனம் வருத்தப்படும். வீட்டில் ஒரு பசு நிற்பது லட்சுமிகரம்தான், பொங்கலுக்கு மாடு இல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போவது எனக்கும் குறையாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 கிலோ எடையுள்ள பசு, உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். ஒரு நாளைக்கு 30 கிலோ. வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11 டன் புல்லை யாராவது அறுத்துக் கொண்டுவரணும், மழையிலும், தைப்பூசத்தன்றும், எனக்கு நைட் ஷிப்ட் இருக்கிற நாளிலும். அப்பாவால் இனி முடியாது. தம்பி அடுத்த வருஷம் பாலிடெக்னிக் போகிறான். பசு நம்மை நம்பி நிற்கும், வாயில்லா ஜீவன். ஆள் இல்லாத வீட்டில் அதைக் கட்டி வைப்பது புண்ணியம் ஆகாது.

எங்கள் வீட்டில் எந்தப் புது யோசனை வந்தாலும் இப்போது ஒரு சோதனை வைக்கிறோம். மூன்று நாள் வீட்டில் ஒருத்தரும் இல்லை, ஆஸ்பத்திரி, கல்யாணம், துக்கம், எதுவாகவோ இருக்கட்டும். அப்போது இது என்ன ஆகும்? தென்னை நிற்கும். மூடாக்குப் போட்ட பாத்தி நிற்கும். எட்டுக் கோழி, தீனிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் பொருத்தி, உடும்பு நுழையாத வலை அடித்தால் நிற்கும். ஹைட்ரோபோனிக், மோட்டார் நின்ற அன்றே வாடிவிடும். மீன் குளத்துக்குக் காற்று மோட்டார் தேவைப்படுகிற அளவுக்கு மீன் விட்டால் அதுவும் அப்படியே. பசு ஒரு நாள்கூட நிற்காது. திருக்குறளில் 104-வது அதிகாரம் உழவு. நிலத்துக்காரன் போய்ப் பார்க்காமல் இருந்தால் நிலம் கோபித்துக்கொள்ளும் என்ற கருத்தில் ஒரு குறள் உண்டு, பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நிலமாவது கோபித்துக்கொண்டு பிறகு சமாதானம் ஆகும்.

மீதி வருஷங்கள்

மூன்றாவது வருஷம் இப்போது நடக்கிறது. வெள்ளக் கோட்டுக்கு மேலே நாற்றங்கால் மேடையும் கோழிக்கூடும் கட்டுகிறோம். நாலாவது வருஷம் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலேயே கழுவும் தொட்டி, நிழல் கூரை. அம்மாவுக்கு வெயிலில் நின்று கீரை ஆய வேண்டியிருக்காது. சோலார் ஐந்தாவது வருஷத்தில் பேசலாம், அப்போது என்ன விதிமுறையோ, என்ன விலையோ பார்த்துக்கொண்டு. பசு பட்டியலிலேயே இருக்கிறது, அடிக்கவில்லை; பக்கத்தில் "ஆள்?" என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.

போன தீபாவளிக்கு சித்தப்பா வந்தபோது நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மாதம் 265 வெள்ளிக்கு ஏறியிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அப்பாவிடம், "அண்ணே, என் ரெண்டு தென்னைக்கும் உப்பு போட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது இவற்றைக் கொண்டு வாருங்கள். தாமானில் குடியிருப்பவர்களும் செய்யலாம், தாத்தா பாட்டி வீடு எங்காவது இருக்கும்.

உங்கள் குடும்ப நிலம் அல்லது வீட்டின் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, அவர் உயிருடன் இருக்கிறாரா, நிலத்தின் வகை என்ன. வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள், சொத்து கேட்கிற மாதிரி இருக்கக் கூடாது. கூரையின் நீள அகலம் அளந்து, 30 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். வீட்டில் அடுத்துச் செய்ய நினைக்கிற மூன்று வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைத் தினமும் பார்க்கப் போகிறவர் பெயரை எழுதுங்கள். மூன்றுக்கும் அம்மா பெயரே வந்தால், கூட்டத்தில் முதலில் அதைப் பேசுவோம்.